எடை அப்படியே இருக்கிறது, எழத்தான் முடியவில்லை

கேள்வி: எனக்கு 70 வயது. பத்து வருடமாக எடை 58 கிலோவிலேயே நிற்கிறது. ஆனால் கை, கால் மெலிந்துவிட்டன. வயிறு மட்டும் முன்னுக்கு வந்திருக்கிறது. சென்ற வருடம் நிமோனியா வந்து 9 நாள் மருத்துவமனையில் படுத்திருந்தேன். அதற்குப் பிறகு தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடிவதில்லை. படி ஏறக் கைப்பிடி வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். ஒரு பரிசோதனை முகாமில் கையால் ஒரு கருவியை அழுத்தச் சொன்னார்கள். 15 கிலோ என்று காட்டியது. வீட்டு எடை மெஷின் உடலில் கொழுப்பு 39 சதவீதம் என்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், கட்டுக்குள் இருக்கிறது. வலது முழங்காலில் தேய்மான வலி உண்டு. "வயசானா அப்படித்தாம்மா, நீங்க எதையும் தூக்காதீங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்கிறார்கள் பிள்ளைகள். இது வயதுதானா? புரோட்டீன் பவுடர் சாப்பிட்டால் சரியாகுமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

பத்து வருடமாக எடை மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் மாறவில்லை, உண்மைதான். ஆனால் அந்த 58 கிலோ எதனால் ஆனது என்பது மாறிவிட்டது. தொடையிலிருந்தும் தோளிலிருந்தும் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போக, அதே அளவு கொழுப்பு வயிற்றில் வந்து சேர்ந்திருக்கிறது. எடை மெஷின் இரண்டையும் கூட்டித்தான் சொல்லும். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற பிஎம்ஐ கணக்குக்கும் இது தெரியாது. அதனால்தான் பல வருடம் பரிசோதனைக்குப் போய், "எல்லாம் நார்மல்" என்று கேட்டுவிட்டு வந்தவர்கள் ஒருநாள் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் திகைக்கிறார்கள்.

இதற்கு மருத்துவத்தில் சார்கோபீனியா என்று பெயர். இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் 1980-களின் இறுதியில் வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் சதை, 'பீனியா' என்றால் வறுமை. சதை வறுமை. 2016-இல்தான் அமெரிக்காவில் இதற்குத் தனி நோய்க் குறியீட்டு எண்ணே கிடைத்தது. அதுவரை உலகம் முழுக்க எல்லாரும் உங்கள் பிள்ளைகள் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: வயசானா அப்படித்தான்.

வயதுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தசையை இயக்கும் நரம்பணுக்கள் வயதாக ஆகக் குறைகின்றன. ஒரு நரம்பு செத்துப்போனால் அதன் பொறுப்பிலிருந்த தசை நார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தத்தெடுத்துக்கொள்ளும், மீதி வாடிப்போகும். முதலில் அடிபடுவது வேகமாகச் சுருங்கும் நார்கள். சட்டென்று எழ, படியில் உடலைத் தூக்க, தடுக்கினால் காலை முன்னே வைத்து விழாமல் நிற்க உதவுபவை அவைதான். கூடவே, மிஞ்சியிருக்கிற தசைக்குள்ளும் கொழுப்பு ஊடுருவுகிறது. ஆக அளவும் குறைகிறது, தரமும் குறைகிறது. அமெரிக்காவில் எழுபதைக் கடந்த முதியவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், தசையின் அளவு குறைந்ததைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் வலிமை குறைந்திருந்தது. கால் மெலிந்திருப்பது கண்ணுக்குத் தெரிவதற்குள் அதைவிட அதிகம் போயிருக்கும்.

ஆனால் போனதில் எவ்வளவு வயதால் போனது, எவ்வளவு வேலை கொடுக்காததால் போனது என்று பிரித்துப் பார்த்தால், இரண்டாவதன் பங்கு சிறியதல்ல. உங்கள் கடிதத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது: அந்த 9 நாள்.

2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். சராசரியாக 67 வயதுள்ள, நோய் எதுவும் இல்லாத சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. பத்தாவது நாள் அளந்து பார்த்தால், கால்களிலிருந்து மட்டும் ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவான சதை போயிருந்தது. இது ஆரோக்கியமானவர்களுக்கு. உங்களுக்கோ காய்ச்சல் இருந்தது, நுரையீரலில் தொற்று இருந்தது, சாப்பிடவும் பிடித்திருக்காது. கிருமியோடு போராடும் உடல் தேவையான புரதத்தைத் தன் தசையிலிருந்தே உருவிக்கொள்ளும். இளம் வயதில் இப்படிப் போனது பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும். எழுபதில் பெரும்பாலும் தானாக முழுதும் திரும்பாது. திருப்பிக் கொண்டுவர வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது இதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. பலரிடம் சொல்வதில்லை. நுரையீரல் தேறியதும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். கால்களுக்கான சிகிச்சை அன்றைக்குத்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் இருக்கும் இரண்டு எண்களுக்கு வருவோம். இரண்டில், கருவியைக் கையால் அழுத்தியபோது வந்த 15 கிலோவைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

கைப்பிடி வலிமையைக் கையை வைத்து அளந்தாலும், அது உடல் முழுவதன் வலிமைக்கும் ஓரளவு சாட்சி சொல்லும். பெண்களுக்கு 16 கிலோவுக்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய நிபுணர் குழு. ஆசியக் குழு அந்த எல்லையை 18 என்று வைத்திருக்கிறது. ஆண்களுக்கு முறையே 27, 28. நீங்கள் இரண்டு எல்லைக்கும் கீழே இருக்கிறீர்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "எனக்கு ஒன்றுமில்லை, வயசுதான்" என்று தள்ளிப்போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

39 சதவீதக் கொழுப்பை அவ்வளவு நம்ப வேண்டாம். அந்த மெஷின் பாதம் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தைச் செலுத்துகிறது. தண்ணீர் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதில் கடத்தும், கொழுப்பு கடத்தாது. அந்தத் தடையை வைத்து ஒரு கணக்குப் போட்டு எண்ணைக் காட்டுகிறது, அவ்வளவுதான். தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் ஒன்று சொல்லும், கால் வீங்கியிருக்கும் நாளில் இன்னொன்று சொல்லும். பார்க்கத்தான் வேண்டும் என்றால், மாதம் ஒருமுறை, காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் ஏறிப் பாருங்கள். பல மாதங்களில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். எக்ஸ்ரே கொண்டு எலும்பு, கொழுப்பு, சதையைத் தனித்தனியே அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இதைவிடத் துல்லியமானது. ஆனால் அதுவும் சதை எவ்வளவு இருக்கிறது என்று சொல்லுமே தவிர, அந்தச் சதை வேலை செய்கிறதா என்று சொல்லாது. ஐரோப்பியக் குழு 2018-இல் தன் வரையறையைத் திருத்தியபோது வலிமையை முதலில் வைத்து, தசையின் அளவை இரண்டாவதாக வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. சுமார் 45 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று நேரம் பார்க்கட்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் ஆசியக் குழுவின் கணக்கில் குறைவு. 15 விநாடியைத் தாண்டினால் ஐரோப்பியக் கணக்கிலும் குறைவு. கையை ஊன்றாமல் ஐந்து முறை எழவே முடியாவிட்டால் அதையே பதிலாக எழுதிக்கொள்ளுங்கள். தேதியையும் குறித்து வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அடுத்தது நடைப்பயிற்சி. 45 நிமிடம் நடப்பதை ஒருநாளும் விடாதீர்கள். இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது மிகவும் நல்லது. ஆனால் சமதளத்தில் நடக்கும்போது தொடைத் தசை தன் பலத்தில் சிறு பகுதியைத்தான் செலவிடுகிறது. நாற்காலியிலிருந்து எழும்போது கிட்டத்தட்ட மொத்த உடலையும் அதே தொடை தூக்க வேண்டியிருக்கிறது. தசை எந்த அளவு பாரத்தைச் சந்திக்கிறதோ அந்த அளவுக்குத்தான் தன்னை வைத்துக்கொள்ளும். தினமும் விடாமல் நடந்தும் உங்களால் எழ முடியாமல் போனது இதனால்தான். நடையில் நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. அதோடு சேர வேண்டிய இன்னொன்று சேரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நடை போன்ற பயிற்சிகளோடு, வாரத்தில் குறைந்தது 2 நாள் தசை வலுவுக்கான பயிற்சியும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு 3 நாள் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியும் வேண்டும் என்கிறது.

இந்த வயதில் பாரம் தூக்கலாமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. பிள்ளைகள் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் அந்தக் கேள்வி இருக்கிறது. 1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரியாக 90 வயதானவர்களுக்கு 8 வாரம் கால் தசைக்குக் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். லேசான பயிற்சி இல்லை, அவர்கள் சக்திக்கு ஏற்ற உண்மையான கனம். முடிவில் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் பெருத்திருந்தது. தொண்ணூறு வயதில், அம்மா.

என் தொழிலின் ஆரம்ப வருடங்களில், வயதானவர் என்றால் ஒத்தடமும், படுத்தபடியே காலை மெல்ல அசைக்கிற பயிற்சியும் கொடுத்து அனுப்பிவிடுவேன். இதமாக இருக்கிறது என்பார்கள், நானும் மகிழ்ந்துபோவேன். ஆனால் மறுமாதமும் அதே கையை ஊன்றித்தான் என் அறையிலிருந்து எழுந்து போனார்கள். அவர்களால் முடியும் என்று நான் நம்பாமல் இருந்ததற்கு அவர்கள் விலை கொடுத்தார்கள். அது இன்றும் என் மனதில் கிடக்கிறது. அதனால்தான் உங்களிடம் மென்மையாகப் பேசி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

தொடங்க வேண்டியது எழும் பயிற்சியில்தான். நாற்காலியின் மேல் கெட்டியான மெத்தைகளையோ மடித்த போர்வைகளையோ நழுவாமல் அடுக்கி, கையை ஊன்றாமல் எழ முடிகிற உயரத்தைக் கண்டுபிடியுங்கள். சரியான உயரத்துக்கு அடையாளம் இதுதான்: 8 முறை எழ முடிய வேண்டும், ஆனால் கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். எட்டும் சுலபமாக முடிந்தால் உயரம் அதிகம். பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து, குதிகாலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். உடல் நன்றாக முன்னே சாயட்டும். சாயாமல் நேராக எழப் பார்ப்பதால்தான் பலரும் பின்னால் விழுகிறார்கள். எழும்போது கொஞ்சம் வேகம், உட்காரும்போது மூன்று எண்ணும் வரை நிதானம். அந்த வேகம் நான் முதலில் சொன்ன வேக நார்களுக்காக. உட்காரும்போது தொப்பென்று விழாதீர்கள். இறங்குவதும் தசைக்கு வேலைதான். 8 முறை எழுந்தபின் இரண்டு நிமிடம் இளைப்பாறி இன்னொரு சுற்று. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று சுற்று. வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒருநாள் ஓய்வு.

எட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் 12 வரை கூட்டுங்கள். 12 முறை சுலபமாகிவிட்டால் ஒரு போர்வையை எடுத்துவிடுங்கள். பயிற்சியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒரே உயரத்தில் ஒரே எண்ணிக்கையை ஆறு மாதம் செய்கிறவர்கள் முதல் மாதத்தில் வந்த இடத்திலேயே நிற்கிறார்கள். போர்வைகள் எல்லாம் தீர்ந்து வெறும் நாற்காலிக்கு வந்தபிறகு, ஒரு பையில் இரண்டு மூன்று புத்தகங்களைப் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள்.

மற்றவை துணைக்கு: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, பிடிமானத்துக்குப் பக்கத்தில் நின்று ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பது, ஒரு துண்டை இறுக்கி முறுக்குவது. தொடையில் மனதை வையுங்கள். கைப்பிடி எண்ணை உயர்த்தவேண்டும் என்று பந்தை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம். உங்களை எழுப்பப் போவது தொடைதான்.

மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அதனால் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது. எழுந்து நின்றதும் கண் இருட்டினால் மாத்திரையின் அளவை மாற்றவேண்டியிருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மார்பு வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள். நிமோனியா வந்து போனவர் என்பதால், தொடங்குவதற்கு முன் ஒருமுறை உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. முடிந்தால் முதல் சில நாள் ஓர் இயன்முறை மருத்துவரின் கண்முன் செய்யுங்கள்.

முழங்கால் வலியைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போடவேண்டியதில்லை. தேய்ந்த மூட்டுக்கு இருக்கிற நல்ல பாதுகாப்புகளில் ஒன்று வலுவான தொடைத் தசை. பயிற்சியின்போது லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாள் மூட்டு வீங்கியிருந்தாலோ, வலி முன்பைவிட அதிகமாக இருந்தாலோ, ஒரு போர்வையைத் திரும்ப அடுக்கி உயரத்தைக் கூட்டுங்கள். எழும்போது முழங்கால்கள் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவுடர் பற்றி: பாஸ்டன் குழுவே 1994-இல் 100 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், பயிற்சி செய்தவர்களின் வலிமை 10 வாரத்தில் இரு மடங்குக்கு மேல் ஆனது. பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலிமையில் பலன் இல்லை. ஆகவே பவுடர் மட்டும் உங்களை எழுப்பாது. ஆனால் பயிற்சி செய்கிற உடலுக்குப் புரதம் வேண்டும். முதியவர்களின் தசை, சாப்பிட்ட புரதத்தை இளையவர்களைப்போல உடனே பயன்படுத்திக்கொள்வதில்லை. அதனால் தேவை சற்றுக் கூடுதல். எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், உங்களுக்கு நாளொன்றுக்கு 58 முதல் 70 கிராம். இதை மூன்று வேளைக்கும் பிரியுங்கள். காலையில் பெயருக்குச் சாப்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே வேளையில் சேர்ப்பது பலரிடமும் நான் பார்க்கிற பழக்கம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. பால், பருப்பு, மீன், இறைச்சி, எதுவானாலும் உங்களுக்கு ஒத்துக்கொள்வதில் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். சாப்பாட்டிலேயே எட்டிவிட்டால் பவுடர் தேவையில்லை. பசி இல்லாமல் எட்டவே முடியவில்லை என்றால் அதன் உதவியை எடுத்துக்கொள்ளலாம். சிறுநீரக நோய் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அதனால் முதலில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயிறு குறையட்டும் என்று சாப்பாட்டை மட்டும் வெட்டாதீர்கள். உடல் பருமனுள்ள முதியவர்களை வைத்து நடந்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உணவைக் குறைத்து நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத உடல் எடையில் 5 சதவீதத்தை இழந்தார்கள். உணவைக் குறைத்து எடைப் பயிற்சி செய்தவர்கள் இழந்தது 2 சதவீதம். உங்களிடம் இழக்க மிச்சம் அதிகம் இல்லை.

பிள்ளைகளிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். தம்பி, தங்கச்சி, உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அம்மாவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அவருடைய தசைக்கு இருந்த வேலையையும் வாங்கிக்கொள்கிறீர்கள். எழும்போது கைகொடுத்துத் தூக்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். அவர் மூன்று முறை முயன்று நான்காவது முறை எழட்டும். பார்த்துக்கொண்டு நிற்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். வழுக்கும் தரை, வெளிச்சம் இல்லாத படி, கால் தடுக்கும் விரிப்பு, இவற்றைச் சரிசெய்வதில் அந்தக் கவலையைச் செலவிடுங்கள். இன்னொரு முறை அவர் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால், "எப்போது எழுந்து உட்காரலாம், எப்போது நடக்கலாம்" என்று மருத்துவரிடம் முதல் நாளே கேளுங்கள்.

அம்மா, முதல் இரண்டு மூன்று வாரத்தில் கண்ணாடியில் எதுவும் தெரியாது. அப்போது வருகிற வலு நரம்புகள் தசையை நன்றாக அழைக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. சதை பிடிப்பதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். எடை ஒரு கிலோ கூடினாலும் கவலைப்பட வேண்டாம். 12 வாரம் கழித்து அதே நாற்காலியில் அதே சோதனையைச் செய்து, எத்தனை விநாடி ஆனது, எத்தனை போர்வை மிச்சம் என்று எனக்கு எழுதுங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கேற்ப அடுத்த பயிற்சியைச் சொல்கிறேன்.